ஊத்துக்குளி வெண்ணெயும் முனைவர் பட்டமும்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சென்னிமலை. வயது 31. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு நான்கு ஆண்டுகளாக ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு வழி செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். "பகுதிநேரமாகச் சேர்ந்துகொள், தலைப்பை நானே தருகிறேன்" என்றார். நாவல்களில் பெண்கள் பற்றிய தலைப்பு. மறுக்கவும் தெரியவில்லை, ஒப்பவும் மனம் வரவில்லை. என் அப்பா போர்வை நெய்கிறவர். அவருக்கு 'அச்சு' என்றால் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு. எதிர்வீட்டு மாமாவுக்கு அது வண்டிச் சக்கரம் கோக்கும் இரும்பு. இந்தத் தறிச் சொற்களை வைத்து ஆய்வு செய்ய முடியுமா? ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை வாங்கும் வயதும் தாண்டிவிட்டது. கோவையில் சேர்வதா, தஞ்சாவூர் போவதா?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகி

அன்புள்ள அம்மிணி,

முதலில் வயதுக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30 என்பது பொதுக் கணக்கு. பெண்களுக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. உங்களுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன, அதற்கான நெட் தேர்வோ ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை. தேறினால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. உங்கள் கல்லூரி என்ன தருகிறது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சேர்ந்தால்தான் அந்தப் பணம். ஜே.ஆர்.எஃப். கைக்கு எட்டாமல் அடுத்த படியில் தேறினாலும், 2024 முதல் நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கைக்குப் போகலாம். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும்.

இனி அந்தப் பேராசிரியர். அவர் நல்லவராகவே இருக்கட்டும். நான் சொல்லப்போவது என் கதை.

1990களில் நானும் பகுதிநேரமாகப் பதிவு செய்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இப்போது எதற்கு? தலைப்பை நெறியாளர்தான் தந்தார். தலைப்பில் மூன்று ஆறாம் வேற்றுமை உருபுகள் இருந்தன, கேள்வி ஒன்றுகூட இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போவேன். துறை வாசல் பெஞ்சில் பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருப்பேன். ஐயாவுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் பிடிக்கும் என்று சீனியர் ஒருவர் சொன்னதால் தூக்குப்போசியில் வாங்கிப் போவேன், வெயிலில் அது பாதி உருகிவிடும். மூன்றாம் ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவருக்கு என் தலைப்பும் பிடிக்கவில்லை, நானும் பிடிக்கவில்லை. குறிப்பு அட்டைகளைக் கரையான் தின்றது. என் ஆய்வில் முறையாகச் சமர்ப்பிக்கப்பட்டது அந்த வெண்ணெய் மட்டும்தான்.

அதனால் கோவையா தஞ்சாவூரா என்று கேட்பதற்கு முன் யாரிடம் என்று கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகள் என் காலத்தில் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் இப்போது புதிய மாணவரை எடுக்க முடியாது. பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கும் இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும் உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறிப்படுத்தக் கூடாது. "இடம் இருக்கிறதா ஐயா" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அவரிடம் முடித்த இரண்டு பேரின் ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் தேடி எடுத்து, முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் படியுங்கள். இரண்டு முடிவுரையும் ஒரே அச்சில் வார்த்த வெல்லம் மாதிரி இருந்தால் (உங்கள் அச்சுக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்) அந்தக் கதவைத் தட்ட வேண்டாம். முடிக்காமல் விட்டவர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேச முடிந்தால் இன்னும் நல்லது. முடித்தவர்கள் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார்கள்.

கல்லூரியின் மிரட்டலுக்கு அதிகம் பயப்படாதீர்கள். பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியும். 'பதிவு செய்திருக்கிறார்' என்று ஒரு வரி எழுதிக்கொள்வதற்குத்தான் இந்த அவசரம். பகுதிநேரமாகச் சேர்வதானால் அவர்களே தடையின்மைச் சான்று தர வேண்டும். இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

உங்கள் அச்சுக்கு வருகிறேன். முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1960களின் நடுவில் ஆக்ஸ்போர்டு ஆய்வு மாணவியாக இருந்த பிரெண்டா பெக், காங்கேயத்துப் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, உடுக்கடித்துப் பாடிய கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்துகொண்டு போனார். உங்களுக்குத் தறி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

ஆனால் 'சென்னிமலை நெசவாளர் வழக்குச் சொற்கள்' என்று எழுதி நீட்டினால் அதுவும் வெறும் தலைப்புதான். சொற்களைத் திரட்டி அகர வரிசையில் அடுக்கிவிட்டு நிற்க வேண்டியிருக்கும். கேள்வி உங்கள் கடிதத்திலேயே ஒளிந்திருக்கிறது. குழியில் காலை விட்டு நெய்யும் குழித்தறியை விட்டு விசைத்தறிக்குப் போனபோது எந்தச் சொல் நெசவாளியோடு கூடப் போயிற்று, எது குழியிலேயே தங்கிவிட்டது? ஊடை இழையைக் கொண்டு ஓடும் நாடாவின் பெயர் கூடவே போயிருக்கிறது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் புதிய இயந்திரத்தை 'நாடா இல்லாத் தறி' என்கிறார்கள். பொருள் போன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள். கையால் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்) சுற்றிய உங்கள் அம்மாவின் சொற்களும் அப்பாவின் சொற்களும் ஒன்றுதானா? இப்படி இரண்டு பக்கம் எழுதுங்கள். கொங்கு வட்டாரச் சொற்களுக்கு இதுவரை நடந்த வேலை என்ன, அதில் தறி எங்கே விடுபட்டது என்று இன்னொரு பக்கம். அந்த மூன்று பக்கத்தோடு நெறியாளரைப் பாருங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். வெண்ணெயும் வேண்டாம்.

தமிழ்த் துறை மட்டுமே கதி என்றும் இல்லை. இது பாதி மொழியியல் வேலை. பாரதியார் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியலும் அகராதியியலும் இருக்கின்றன. தமிழ் எம்.ஏ.வை ஏற்பார்களா என்று துறைக்கே எழுதிக் கேளுங்கள். முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு ஐந்து குறைவு. கள வேலை முழுக்கச் சென்னிமலையில் என்பதால், நெறியாளர் இருவரும் சமமாக அமைந்தால் கோவை என்பேன். நல்ல நெறியாளர் தஞ்சாவூரில்தான் என்றால் தஞ்சாவூருக்கே பஸ் ஏறுங்கள்.

நெட்டுக்குப் படிக்கும்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு உட்கார்ந்து பதிவு செய்யத் தொடங்குங்கள். ஒரு சிக்கல் வரும். தறி ஓடும்போது கேட்டால் சத்தத்தில் பேச்சு பதியாது. தறியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டால், கை நின்றதும் சொல்லும் நின்றுவிடும், "அதுதான் அம்மிணி, அது... அந்தக் கட்டை" என்பார். நான் கள்ளிறக்குகிறவர்களிடம் பேசப் போனபோது இதே பாடுதான், மரத்தில் இருக்கும்போது சொல்வார்கள், இறங்கியதும் மறந்துவிடுவார்கள். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.