வக்கீல் பேசியதற்கு மேல் ஃபீஸ் கேட்கிறார், கேஸ் கட்டையும் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்?

முதலில் அடுத்த வாய்தா என்றைக்கு என்று பாருங்கள். ஃபீஸ் தகராறில் பலர் பணத்தோடு வழக்கையும் பறிகொடுக்கிறார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன நேரத்தில் யாரும் ஆஜராகாவிட்டால், நீங்கள் வாதி என்றால் வழக்கு டீஃபால்ட்டில் தள்ளுபடி. பிரதிவாதி என்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு. தள்ளுபடியானதை மீட்கவும், எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யவும் மனுப்போட 30 நாள்தான் கெடு. இ-கோர்ட்ஸ் தளத்தில் சிஎன்ஆர் எண்ணை (உங்கள் வழக்குக்கென்று தரப்பட்ட தனி அடையாள எண்) போட்டால் தேதி தெரிந்துவிடும்.

அடுத்தது கட்டு, அதாவது உங்கள் வழக்கு ஆவணங்கள் உள்ள கோப்பு. பாக்கி உண்மையாகவே இருந்தாலும் அதற்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது. மத்தியப் பிரதேசக் கூட்டுறவு வங்கி ஒன்றின் வழக்கறிஞர், 97,100 ரூபாய் வரவேண்டும் என்று கோப்புகளைத் தராமல் வைத்திருந்தார். ஆர்.டி. சக்சேனா வழக்கு என்று சொல்வார்கள். ஃபீஸ் வேண்டுமானால் வழக்குப் போட்டு வாங்கட்டும், கட்டைத் தர மறுப்பது தொழில் ஒழுங்கீனம் என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வழக்கு எண், வக்காலத்தை (உங்களுக்காக ஆஜராக அவருக்குத் தந்த அதிகாரத்தை) முடித்துக்கொள்ளும் விவரம், அவரிடம் உள்ள அசல் பத்திரங்கள் ஒவ்வொன்றின் ஆவண எண், தேதி, திருப்பித் தர 7 நாள் அவகாசம், வரவு செலவுக் கணக்கு கேட்டு ஒரு வரி. இவ்வளவு போதும், திட்ட வேண்டாம். "நீங்கள் கேட்ட பாக்கியைப் பிறகு தருகிறேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது கடனை ஒப்புக்கொண்டதாகி, 3 வருடக் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாக ஓடும்.

கட்டு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கோர்ட்டில் தாக்கலான எல்லாவற்றுக்கும் நகல் மனுப் போடலாம். புது வக்கீல் வக்காலத்து போட பழையவரின் சம்மதக் கையெழுத்து கேட்பார்கள். அவர் மறுத்தால், அந்தக் கடிதத்தையும் டெலிவரி ஆன அத்தாட்சியையும் இணைத்து நீதிமன்ற அனுமதி கேட்டு மனுப்போட வேண்டும்.

இனி பணம். கொடுத்ததில் எது ஃபீஸ், எது செலவு என்று பிரித்துக் கணக்கு வைப்பதும், கேட்டால் நகல் தருவதும் பார் கவுன்சில் (வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) விதிப்படி வக்கீலின் கடமை. பெரும்பாலும் குழப்பம் செலவில்தான் ஒளிந்திருக்கும். தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குக்கு கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம். 5 லட்சத்துக்கான வழக்கில் 15,000 ரூபாய். "கோர்ட் ஃபீஸுக்கு" என்று உங்களிடம் 40,000 வாங்கியிருந்தால், பிராதில் (வாதி தாக்கல் செய்யும் வழக்கு மனுவில்) மதிப்பீடு எழுதிய பத்தியைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஜெயித்த தொகையில் இத்தனை சதவீதம் என்ற பேச்சு செல்லாது. விபத்து இழப்பீட்டில் பங்காக ஒரு வக்கீல் வாங்கிய 10 லட்ச ரூபாய் செக்கை வைத்து அவர் போட்ட செக் பவுன்ஸ் கேஸை, பி. சுனிதா வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்காக ஃபீஸே தர வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். செய்த வேலைக்கு நியாயமான கூலி உண்டு.

எங்கே போவது? நுகர்வோர் நீதிமன்றக் கதவு 2024 மே 14-இல் மூடிவிட்டது: வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில், வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35-இன் கீழ் புகார் தரலாம். பார் கவுன்சில் அந்த வக்கீலைக் கண்டிக்கலாம், தொழில் செய்யத் தடை போடலாம், பெயரையே நீக்கலாம். ஆனால் பணத்தை வாங்கித் தருவது அந்தப் பிரிவில் இல்லை. கட்டு விஷயத்துக்கும் கணக்கு மறுப்புக்கும் அது சரியான இடம். "ஃபீஸ் ஜாஸ்தி" என்ற ஒற்றைக் குறைக்கு அங்கே போவது பெரும்பாலும் வீண். பணத்துக்கு சிவில் கோர்ட்தான். தொகை சின்னது என்றால், அதற்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனுக் கொடுத்து இருவரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லலாம்.