கடலோர வீட்டில் கேட்டும் கிரில்லும் ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன?

திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "போன வருடம்தான் கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் பெயிண்ட் அடித்தோம். அதற்குள் பெயிண்ட் கொப்பளித்துத் துரு வந்துவிட்டது. பையனுடைய சைக்கிள் செயின் சிவந்து கிடக்கிறது, மாடிப்படியில் போட்ட எவர்சில்வர் கைப்பிடியில்கூடப் பழுப்புப் புள்ளி. பெயிண்டர் 'மட்டமான பெயிண்ட், அடுத்த தடவை விலை உயர்ந்ததா வாங்கிடலாம்' என்கிறார். அப்படிச் செய்தால் சரியாகிவிடுமா?"

ஆகாது. அதே முறையில் அடித்தால் விலை உயர்ந்த பெயிண்டும் அடுத்த வருடம் இப்படித்தான் உரியும், அப்போது மனது இன்னும் கொஞ்சம் அதிகமாக எரியும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் பிரச்சினை பெயிண்ட் டப்பாவில் இல்லை, பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பில் இருக்கிறது.

அலை உடையும்போது தெறிக்கும் பொடித்துளிகளைக் காற்று தூக்கிக்கொண்டு வருகிறது. கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள் இந்த உப்பு மிக அதிகமாகப் படியும், உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். அடையாறு தாண்டி இருக்கும் உங்கள் உறவினர் வீட்டுக் கேட் பல வருடம் தாங்குகிறதென்றால் அவர்கள் பெயிண்டர் கெட்டிக்காரர் என்று அர்த்தமில்லை. இரும்பின் மேல் படிந்த உப்பு சும்மா இருக்காது, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே கரைந்து நீராகிவிடும், கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 35 சதவீதத்துக்கும் குறைவான ஈரப்பதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். அதாவது மழையே பெய்யாத மே மாதத்திலும் உங்கள் கேட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு உப்புத் தண்ணீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அந்தப் படலத்தை மூடி வைத்த மாதிரி. உள்ளே ஈரம் சேரும், கொப்பளிக்கும், உரியும்.

இதை உங்கள் வீட்டிலேயே சரிபார்க்கலாம். மழை நேரடியாக அடிக்கும் கம்பிகளையும், சன்ஷேடுக்கு அடியிலோ பால்கனித் தளத்துக்கு அடியிலோ மழை படாமல் ஒளிந்திருக்கும் கம்பிகளையும் பக்கத்தில் நின்று பாருங்கள். பெரும்பாலும் மழை படாத பக்கம்தான் மோசமாக இருக்கும். நம் ஆட்கள் மழைதான் இரும்புக்கு எதிரி என்று நினைத்து மறைப்புக் கட்டுவார்கள், ஆனால் கடலோரத்தில் மழை செய்யும் முதல் வேலை உப்பைக் கழுவி விடுவது. வீட்டுக்காரர் கழுவாத இடத்தை மழையும் கழுவவில்லை என்றால் உப்பு வருடக்கணக்கில் சேரும்.

ஆகவே முதல் வைத்தியம் தண்ணீர். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கேட், கிரில், கைப்பிடி எல்லாவற்றையும், முக்கியமாக மழை படாத பகுதிகளையும் கேட்டின் அடிப்பகுதியையும், நல்ல தண்ணீரால் கழுவுங்கள் அல்லது ஈரத் துணியால் துடையுங்கள். பங்குனி, சித்திரையில் கடல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் வாரம் ஒரு முறை. இதில் 'நல்ல தண்ணீர்' என்பதைக் கவனியுங்கள். கடலோரத் தெருக்கள் சிலவற்றில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதை வைத்துக் கழுவினால் கழுவாமலே இருக்கலாம். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சேமித்து வண்டி கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், சிக்கன எண்ணம் பாராட்டத்தக்கது, ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மாறாக ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, அதில் உப்பு ஏறக்குறைய கிடையாது. ஒரு வாளி வைத்துப் பிடித்தால் கிரில் துடைக்க அதைவிட நல்ல தண்ணீர் வீட்டில் இல்லை.

இப்போது ஏற்கெனவே துருவேறிய கேட்டுக்கு வருவோம். வழக்கமாக என்ன நடக்கும்? பெயிண்டர் வந்ததும் உப்புத்தாளை எடுத்துக் கரகரவென்று தேய்ப்பார், துணியால் ஒரு தட்டு தட்டுவார், அன்று மாலையோ மறுநாளோ ரெட் ஆக்சைடு ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, பிறகு மேல்பூச்சாக எனாமல். இதில் முதல் தப்பு, தேய்ப்பதற்கு முன்னால் கழுவாதது. உப்போடு தேய்த்தால் அந்த உப்பு துருவின் குழிகளுக்குள் போய் இறங்கும். முதலில் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, காய்ந்த பிறகுதான் தேய்க்க வேண்டும். உரிந்து நிற்கும் பெயிண்டைப் பட்டிக் கரண்டியால் சுரண்டுங்கள், வயர் பிரஷ் போடுங்கள், 80 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 120-க்கு வாருங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டை முழுக்க எடுக்க வேண்டியதில்லை, அதன் ஓரத்தை மட்டும் விரலால் தடவினால் படி தெரியாத அளவுக்குச் சரிவாக்கினால் போதும். தேய்த்து முடித்ததும் இன்னொரு முறை கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். தேய்த்த இரும்பைத் தண்ணீரில் கழுவுவதா என்று பெயிண்டர் முறைப்பார், முறைக்கட்டும். லேசாக மஞ்சள் பூத்தால் உப்புத்தாளால் ஒரு தடவு தடவிக்கொள்ளலாம், உப்பு போய்விட்டது, அதுதான் பெரிய விஷயம்.

வீடு பழையது என்றால் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய பூச்சுகள் இருந்தால் உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். ஈரம் செய்து தேய்ப்பது, முகக்கவசம் போடுவது, சின்னக் குழந்தைகளைத் தள்ளி வைப்பது, விழுந்த தூளைப் பெருக்காமல் ஈரத் துணியால் எடுப்பது, இதெல்லாம் செய்ய வேண்டும்.

துருவை எடுக்கக் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், துருவைக் கரைக்கும்தான், ஆனால் கரைத்துவிட்டுக் குளோரைடை விட்டுச் செல்லும், கடல் உப்பில் இருக்கும் அதே வில்லன். அந்த பாட்டிலை மூடி சரியில்லாமல் வாஷ்பேசினுக்கு அடியில் வைத்தாலே ஆவியில் பக்கத்துக் குழாய்கள் துருப்பிடிக்கும், சந்தேகமிருந்தால் உங்கள் பாத்ரூமில் குனிந்து பாருங்கள். குழிகளுக்குள் பிடிவாதமாக நிற்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். அது துருவின் மேல் கருப்பான பூச்சாக மாறி உட்கார்ந்துகொள்ளும். தளர்ந்த துருவை எடுத்த பிறகுதான் அது வேலை செய்யும், உரிந்து தொங்கும் துருவின் மேல் பூசினால் காசு வீண்.

அடுத்து நேரம். இதைப் பெரும்பாலான பெயிண்டர்கள் கண்டுகொள்வதில்லை, நான் சொல்வதில் பாதிப் பலன் இதில் இருக்கிறது. சென்னையில் கோடையில் உச்சிப்பொழுதை ஒட்டிக் கடல்காற்று உள்ளே வரும், வரும்போது உப்பையும் கொண்டுவரும். மதியம் வரை தேய்த்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து நாலு மணிக்கு ப்ரைமர் அடித்தால், கழுவிய இரும்பின் மேல் புது உப்பு வந்து உட்கார்ந்த பிறகு அடிக்கிறீர்கள். முந்தைய நாளே சுரண்டித் தேய்த்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் கழுவித் துடைத்து, வெயிலில் காய்ந்ததும் பத்து, பதினோரு மணிக்குள் ப்ரைமர் ஏறிவிட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் காலைப் பனி இரும்பின் மேல் நிற்கும், அது முழுக்கக் காயும்வரை பிரஷை எடுக்கக் கூடாது. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் என்று போனில் காட்டினால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அடித்த பெயிண்ட்தான் அதிகம் உரிகிறது.

ப்ரைமரில் சாதாரண ரெட் ஆக்சைடு கடலோரத்துக்குப் போதாது என்பது என் கருத்து. ஜிங்க் பாஸ்பேட் கலந்த ப்ரைமர் கேளுங்கள். எதுவானாலும் ப்ரைமரோடு நிறுத்திவிட்டு 'மேல்கோட் அடுத்த மாசம்' என்று விடாதீர்கள், ப்ரைமர் ஈரத்தை உள்ளே விடும். ப்ரைமர் அடிப்பதற்கு முன் இன்னொரு சின்ன வேலை: பெயிண்ட் காயும்போது கூரான விளிம்புகளிலிருந்து பின்வாங்கி அங்கே மெலிசாகிவிடும், அதனால்தான் துரு எப்போதும் விளிம்பிலும் வெல்டிங் முடிச்சிலும் ஆரம்பிக்கிறது. விளிம்புகளை உப்புத்தாளால் கொஞ்சம் மழுக்கிவிட்டு, விளிம்பு, வெல்டிங், மூலை இவற்றுக்கு மட்டும் முதலில் சின்ன பிரஷால் ஒரு கை கொடுத்துவிட்டு, அப்புறம் முழுசாக அடிக்கச் சொல்லுங்கள். கூடுதல் செலவு சொற்பம்.

இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி ப்ரைமரும் அதன்மேல் பியூ (பாலியூரித்தேன்) மேல்பூச்சும் இன்னும் நன்றாக உழைக்கும். ஆனால் பழைய எனாமலின் மேல் எபாக்ஸி அடித்தால் அதிலிருக்கும் கரைப்பான் பழைய பெயிண்டைச் சுருக்கித் தூக்கிவிடும், ஆகவே வெறும் இரும்பு தெரியும் வரை எல்லாவற்றையும் எடுத்தால்தான் அந்த வழி. எபாக்ஸியை வெயிலில் மேல்பூச்சாகவும் விடக் கூடாது, வெளுத்துப் பொடியாகும். கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் ஒரே நேரத்தில் முழு டப்பாவையும் கலக்கவிடாதீர்கள்.

கிரில் கம்பி சிமெண்டுக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பள்ளமாக இருந்தால் தண்ணீர் நிற்கும், உள்ளே துரு பருத்து பூச்சையே பிளக்கும். கொஞ்சம் சிமெண்டைச் சரிவாகப் பூசி, கம்பியைச் சுற்றி சீலண்ட் விட்டால் தீர்ந்தது.

எவர்சில்வர் கைப்பிடியைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் மேலோட்டமான கறைதான். நம் ஊரில் கைப்பிடிகளுக்கு அதிகம் ஓடுவது 202, 304 என்ற ரகங்கள், கடலோரத்துக்குப் பொருத்தமானது மாலிப்டினம் சேர்ந்த 316. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே ஒரிஜினல் என்று கடைக்காரர் காட்டுவாரே, அதற்கு அர்த்தமில்லை, 202-ம் ஒட்டாது, 304-ம் ஒட்டாது. கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்து மென்மையான ஸ்பாஞ்சால், கோடு ஓடும் திசையிலேயே தேய்த்து அலசுங்கள். இரும்பு நார் கூடவே கூடாது, அதன் துகள்கள் எவர்சில்வரில் பதிந்து அவையே துருப்பிடிக்கும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம்.

சைக்கிளைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன், பெரும்பாலோர் செய்வது அதுதான். உள்ளே ஈரம் வேர்த்து நிற்கும், மூடாமல் விடுவதே மேல், அல்லது பழைய பருத்திப் போர்வை. செயினுக்கு டபிள்யூடி-40 அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அட்லஸ் ஏவுகணையின் உடலில் துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரை விரட்டுவதற்கென்று உருவாக்கியது அது. விரட்டுவதில் கெட்டி, நீண்ட நாள் எண்ணெயாக நிற்பதில் அப்படியில்லை. அதை அடித்துத் துருவைத் துடைத்தெடுத்த பிறகு, தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். ரிம்மில் பிரேக் பிடிக்கும் இடத்தில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. கடற்கரைக்கு ஓட்டிவிட்டு வந்த நாளில் ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஏசி வெளிப்பெட்டியையும் சொல்லிவிடுகிறேன், அதன் அலுமினியத் தகடுகளும் உப்பில் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். ஏசிக்கு மின்சாரம் போகும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் காட்டுங்கள். பிரஷர் வாஷர் வைத்தால் தகடுகள் மடங்கிவிடும். வெளியில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வெளுப்பதற்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை, அது வெயில், நிழலில் போடுங்கள்.

கேட்டின் அடிக்குழாயைக் கடைசியாகத் தட்டிப் பாருங்கள். டங் டங் என்பதற்குப் பதில் மொத்தென்று கேட்டாலோ, ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினாலோ, மேலே எதை அடித்தும் பயனில்லை, உள்ளே தண்ணீர் நின்று அரித்திருக்கிறது, அந்தத் துண்டை வெட்டிப் புதிது வைக்க வேண்டும். இன்னும் கெட்டியாக இருந்தால் அடியில் இரண்டு மூலையிலும் ஆறு மில்லிமீட்டர் ஓட்டை போட்டுத் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். புதுக் கேட்டே செய்வதாக இருந்தால் பட்டறையில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஹாட் டிப் கால்வனைசிங் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உருகிய துத்தநாகத்தில், சுமார் 450 டிகிரியில், முக்கியெடுக்கும் முறை அது. மூடிய குழாயை அப்படியே முக்கினால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் வெடிக்கும் என்பதால் எந்தெந்தக் குழாயில் எங்கே ஓட்டை விட வேண்டும் என்பதை வெல்டிங்குக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். முக்கி வந்த கேட்டுக்கு நேரடியாக எனாமல் அடித்தால் அது தோலாக உரிந்து வரும், கால்வனைஸ் இரும்புக்கென்று தனி ப்ரைமர் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கி அடிக்கச் சொல்லுங்கள்.