மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு: எந்த முறை நல்லது?

கேள்வி: என் அண்ணாவுக்கு வயது 54. வலது பொட்டுப் பகுதியில் இருந்த கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய்க் கட்டியைச் சத்திரசிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். அடுத்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்வீச்சு. ஒருவர் ஐ.எம்.ஆர்.டி. போதும் என்கிறார், இன்னொருவர் வி.எம்.ஏ.டி.தான் புதியது என்கிறார். சென்னையில் உள்ள உறவினரோ புரோட்டன் கதிர்ச் சிகிச்சைக்கு அங்கே வரச் சொல்கிறார். எதைத் தெரிவு செய்வது?
— வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: இந்த வயதில், உடல்நிலை இடங்கொடுத்தால், டெமோசொலமைட் என்ற புற்றுநோய் மாத்திரையுடன் 30 தவணைகளில் மொத்தம் 60 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) கொடுப்பதே 2005 முதல் உலகெங்கும் உள்ள வழமை. முறை மாறினாலும் கட்டி இருந்த இடத்துக்கான இந்த அளவு பொதுவாக மாறுவதில்லை. அதைச் சுற்றியுள்ள நல்ல மூளைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் மாறுகிறது.

பழைய முப்பரிமாண முறையில் கதிரின் ஓரத்தைக் கட்டியின் வடிவுக்கு வெட்டலாம். ஆனால் உள்ளே குழிந்த வடிவுக்கு அது நன்றாகப் பொருந்தாது. ஐ.எம்.ஆர்.டி.யில் பெரும்பாலும் ஐந்து முதல் ஒன்பது திசைகளிலிருந்து, மெல்லிய டங்ஸ்டன் தகடுகள் நகர்ந்து நகர்ந்து, ஒரே கதிருக்குள்ளேயே வீரியத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. வி.எம்.ஏ.டி. இதையே இயந்திரம் தலையைச் சுற்றிச் சுழலும்போதே செய்கிறது. கட்டியை மூடும் தரத்தில் இவ்விரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை, ஐ.எம்.ஆர்.டி.க்குப் பத்து நிமிடமளவு பிடித்தால் வி.எம்.ஏ.டி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். தலைவலியோடும் வலிப்புப் பயத்தோடும் அசையாமல் படுத்திருப்பவருக்கு அது சின்ன விடயமல்ல. இரண்டிலும் ஒரு விலை உண்டு: குறைந்த அளவுக் கதிர் மூளையின் கூடுதலான பரப்பில் பரவும்.

பெயரைவிட முக்கியமான முடிவு வேறொன்று. பார்வை நரம்புகள் சந்திக்கும் இடமும் மூளைத்தண்டும் ஏறத்தாழ 54 கிரே வரையே தாங்கும் என்று கொள்கிறோம். கட்டி இருந்த இடம் அவற்றை ஒட்டியிருந்தால், பார்வையைக் காப்பதற்காக அந்த ஓரத்தில் 60 கிரேயை விட்டுக்கொடுக்க நேரும். ஆகவே உங்கள் வைத்தியரிடம், “அண்ணாவின் திட்டத்தில் பார்வை நரம்புக்கும் மூளைத்தண்டுக்கும் எவ்வளவு போகிறது, எங்கேயாவது குறைத்திருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். கணினி வரைபடத்தைப் பார்த்தே அவர் பதில் சொல்லலாம்.

புரோட்டன் கதிர் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும் என்பது உண்மை. சிறுவர்களின் கட்டிகளிலும் மண்டையோட்டு அடித்தளக் கட்டிகளிலும் அதன் பயன் தெளிவானது. பெரியவர்களின் கிளியோபிளாஸ்டோமாவுக்கு அது வழமையான முதல் தெரிவு அல்ல. விசா, பணம், தங்குமிடம் என்று அலைந்து மாதங்கள் போவதைவிட, சத்திரசிகிச்சைக் காயம் ஆறியதும் தாமதமின்றித் தொடங்கும் சிகிச்சையே மேல் என்பது என் கருத்து. திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம் என்பதால், திருகோணமலையிலிருந்து போய்வருவது நடவாத காரியம். மகரகமவுக்கு அருகே தங்க இப்போதே இடம் பாருங்கள்.

இன்னொன்று: சுடுநீரில் இளக்கி முகத்தின் மேல் இழுத்து வார்க்கும் பிளாஸ்டிக் வலை மாஸ்க்கோடுதான் திட்டத்துக்கான சீ.டி. ஸ்கான் எடுப்பார்கள். மூளை வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் டெக்சாமெதசோன் மருந்தால் முகம் ஊதி மாஸ்க் இறுகினாலோ, மெலிந்து தளர்ந்தாலோ, அன்றைக்கே கதிர்வீச்சுத் தொழில்நுட்பவியலாளரிடம் சொல்லுங்கள். புதிதாக வார்த்து, ஸ்கானையும் மறுபடி எடுக்க வேண்டி வரலாம்.