அம்மாவுக்கு டேட்டா இல்லாத ரீசார்ஜ் இருக்கிறது

பேச மட்டுமே போன் வைத்திருக்கும் அம்மாவுக்கு எதற்கு தினம் 1.5 ஜிபி என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கோபம். 2024 ஜூலையில் ஜியோ தினம் 1.5 ஜிபி தரும் அந்த 239 ரூபாய் திட்டத்தை 299 ஆக்கியது. அதுவும் 28 நாள் கணக்கு, வருடத்துக்கு 13 முறை, மொத்தம் 3,887 ரூபாய்! வயதானவர்களிடம் இப்படி வாங்குவது எனக்கும் ஆறவில்லை.

சரி, வழி இருக்கிறது. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தியது. அதன்பின் ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாயில் ஒன்று கொண்டுவந்தது. வருடச் செலவு ஏறக்குறைய பாதி. ஆப்பில் சட்டென்று கண்ணில் படாவிட்டால் கடைக்காரரிடம் "வாய்ஸ் மட்டும்" என்று அழுத்திக் கேளுங்கள். அம்மா நம்பரை மாற்றவே வேண்டாம்.