சிங்கப்பூரில் இலையுதிர் காலமே இல்லையே, ஆண்டுக் கடைசியில் தோட்டத்தில் என்ன வேலை? தோட்டக் குழுவில் சேர்வதால் பயன் உண்டா?

இலையுதிர் காலம் இல்லைதான். அக்டோபரில் லண்டன்காரர் துலிப் கிழங்கு ஊன்றும் காணொளியைப் பார்த்துவிட்டு இங்கே முயன்றால் காசுதான் வீண். துலிப்புக்கு மண்ணுக்குள் பல வாரக் குளிர் வேண்டும். நமக்கு வருவது மழை. ஊரில் ஐப்பசி அடைமழை என்றால், இங்கே நவம்பரில் பிடித்து ஜனவரி வரை இழுக்கும். டிசம்பரில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல். ஆகவே இந்த மாதங்களில் முதல் வேலை தண்ணீர் ஊற்றுவதல்ல, வடிய விடுவது.

தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். அதில் தேங்கும் நீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். தட்டைக்கூடப் பலர் கவனிப்பார்கள். இறுகிப்போன மேல்மண்ணில் நீர் தேங்குவதை யாரும் பார்ப்பதில்லை. பழைய முள்கரண்டியால் கிளறினால் சரியாகிவிடும். கறிவேப்பிலைக்கு ஈரம் நின்றால் ஆகாது, வேர் அழுகும். மழை படாத ஓரத்துக்கு நகர்த்துங்கள், ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் காரிடாரில் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். கங்கோங் கீரை, வாசனை இலையான பாண்டான், பொன்னாங்கண்ணி மூன்றுக்கும் இந்த மழை கொண்டாட்டம். கொத்தமல்லியை விட்டுவிடுங்கள், இந்தச் சூட்டில் இலை விடுவதற்குள் பூத்துவிடும், தேக்கா சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.

குழுவைப் பற்றிக் கேட்டீர்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தைத் தொடங்கியது. இன்று தீவு முழுக்க 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன, உங்கள் புளோக்குக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கலாம். எங்கள் குழு ஞாயிறு காலை கூடும். கூட்டம் என்னவோ சுமார்தான்: உரத்தைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், யார் பாத்தியில் யார் மிளகாய் பறித்தது என்ற வழக்கு ஒன்று வரும். அது முடிந்து கோப்பி வந்த பிறகுதான் ருசியே. மீன் கறிக்குக் கறிவேப்பிலை கேட்டு வரும் மக்சிக் (மலாய் அம்மா), பதிலுக்கு நட்டு வளர்க்க புங்கா கந்தான் என்ற இஞ்சி இனச் செடியின் கிழங்கு கொடுப்பார். சங்குப்பூவை நாம் பூஜைக்குப் பறிக்கிறோம், அவர் ஊறவைத்துப் பலகாரத்துக்கு நீல நிறம் ஏற்றுகிறார். ஒரே கொடிதான்! விதை, பதியன் எல்லாம் இப்படித்தான் கைமாறும். ஊரிலிருந்து கன்று கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தேவை, பெட்டிக்குள் சுருட்டிக்கொண்டு வராதீர்கள்.

நவம்பர் கூட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள். பள்ளி விடுமுறைக்குப் பாதிப் பேர் சென்னை, திருச்சி என்று கிளம்பிவிடுவார்கள். கூரைக்கடியில் இருக்கும் தொட்டிகளுக்கு எத்தனை மழை பெய்தாலும் ஒரு சொட்டும் விழாது. யார் எந்த வாரம் ஊற்றுவது என்ற பட்டியல் அன்றுதான் போடுவார்கள். பெயர் கொடுத்தவர் செடிதான் பிழைக்கும்.

சேர்வதற்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் கேளுங்கள், இல்லையென்றால் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருப்பவரிடமே கேட்கலாம். கூட்டம், கோப்பி, வழக்கு எதுவும் வேண்டாம், எனக்கென்று ஒரு பாத்தி போதும் என்றால் தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் பாத்திக்கு விண்ணப்பியுங்கள். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், மூன்றாண்டுக் குத்தகை. கேட்பவர் அதிகமானால் குலுக்கல்தான்.