கையில் காசும் இல்லை, காப்பீடும் இல்லை: சேலத்தில் உடம்புக்கும் மனசுக்கும் வைத்தியம் பார்க்க எங்கே போவது?

இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, அடிக்கடி நெஞ்சை அடைக்கிறது, வேலையும் போய்விட்டது, காப்பீடு எதுவும் கிடையாது, எங்காவது ஐந்தாயிரம் புரட்டிக்கொண்டு தனியார் டாக்டரிடம் போகட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புரட்ட வேண்டாம். கடன் வாங்குவதற்கு முன்னால் அரசு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காசு இருக்கும்வரை தனியாரிடம் அலைவது, காசு தீர்ந்த பிறகு ஜி.ஹெச்.சுக்குப் போவது, இதுதான் நம் பக்கம் பாதி வீடுகளில் நடக்கிறது. எங்கள் வீட்டிலும் அதையேதான் செய்தோம். அதில் ஒன்றரை வருடம் வீணானது, அம்மாவின் தோடும் போனது.

அம்மாவுக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கூலி வேலை. நான் கல்யாணமாகிக் கன்னங்குறிச்சி பக்கம் வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருக்கிறார். ஆர்டர் இருந்தால் கூலி, இல்லாத வாரம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அப்பா இறந்து நாலைந்து மாதம் கழித்து, அம்மா வயிறு எரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். "நெருப்ப அள்ளி வெச்சாப்ல இருக்குது சாமி" என்பார். சாப்பாடு இறங்கவில்லை. பழம் பறிக்கிற சீசன் வந்தது. ஒரு சீசன்கூட விட்டதில்லை அம்மா. அந்த வருடம் கூடையை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கங்காணி வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

வயிறு என்றதால் வயிற்றுக்குப் பார்த்தோம். ஒரு தனியார் மருத்துவமனையில் எண்டோஸ்கோபி, இன்னொன்றில் ஸ்கேன், மறுபடி ரத்தப் பரிசோதனை. அல்சர் என்றார்கள், கேஸ் என்றார்கள், மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தூக்கம் எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நடுவில் கயிறு மந்திரித்தும் கட்டினோம். அதை நான் குறை சொல்லமாட்டேன், அதற்கு ஐம்பது ரூபாய்தான் ஆனது. நகைக்கடனும் கைமாற்றும் சேர்ந்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது.

வழி காட்டியது ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்களே, அப்படிப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடுக்க வந்தவர். அம்மாவுக்கும் பிரஷர் பார்த்தார். பிரஷர் சரியாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் உடனே கிளம்பிவிடாமல் பத்து நிமிடம் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இது வயித்துல இல்ல. ஜி.ஹெச்.ல மனநலப் பிரிவுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் அம்மாவுக்குப் பைத்தியமா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். போவதற்கு இன்னும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான். ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை. பெயர், வயது, ஊர் சொன்னால் போட்டுத் தருவார்கள். மனநலப் பிரிவு என்று சொன்னேன், அங்கே அனுப்பினார்கள். பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். கல்லூரிப் பையன், கைக்குழந்தையோடு ஒரு பெண், யூனிஃபார்மில் ஒரு கண்டக்டர். எல்லாரும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள்.

உள்ளே இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. அம்மா வயிற்றைப் பற்றிச் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "ராத்திரி எத்தனை மணிக்கும்மா முழிப்பு வருது?" என்றார்.

"மூணு மணிக்கு."

"அப்புறம் தூக்கம் வராதா?"

"வராது. விடியறவரைக்கும் அவரு இருமுறாப்லயே கேக்கும்."

அப்பா கடைசி வருடம் முழுக்க இருமிக்கொண்டே இருந்தவர். ஒன்றரை வருடத்தில் அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும்தான். நானும் கேட்டதில்லை. விடியற்காலையில் விழித்துக்கொண்டு மறுபடி தூங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வு நோயின் தெளிவான அடையாளங்களில் ஒன்று என்று டாக்டரம்மா விளக்கினார். நம் ஊர்களில் அந்த நோய் பெரும்பாலும் அழுகையாக வெளியே வராது, வயிற்றெரிச்சலாக, தலைபாரமாக, நெஞ்சடைப்பாக, உடம்பு வலியாகத்தான் வரும் என்றார். தைராய்டு, ரத்தசோகை இரண்டும் இதே மாதிரி ஆளைச் சோர்த்துவிடும் என்பதால் அவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை கவுண்டரில் சின்னக் காகித உறையில் போட்டு, ராத்திரி ஒன்று என்று பேனாவால் குறித்துக் கொடுத்தார்கள். அன்றைய மொத்தச் செலவு பஸ் காசும் இரண்டு டீயும்.

இதற்குப் பிறகு வந்த மூன்று வாரம்தான் கஷ்டம். அதை யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் போனால் பாதிப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அதனால் சொல்கிறேன். இந்த மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி அன்றே கேட்காது. இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேலே. முதல் வாரத்தில் வயிறு புரட்டலாம், வாய் உலரலாம். அம்மா பத்தாம் நாளே "இதுவும் சும்மாத்தான்" என்று உறையை மடித்து அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டார். நான் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு போன் போட்டு, பேசிக்கொண்டே விழுங்க வைத்தேன். நான்காவது வாரத்தில் ஒருநாள் நான் கூப்பிடுவதற்கு முன்னால் அவரே கூப்பிட்டு, மணத்தக்காளி காரக்குழம்பு வைத்தேன் என்று சொன்னார். குழம்பு வைத்ததை ஒருவர் சொல்லி நான் அழுதது அன்றுதான்.

சரியானதும் நாமாக நிறுத்தக் கூடாது. நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்றார்கள். நிறுத்தும்போதும் டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மாதாமாதம் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது அம்மாவுக்கு முடியாத காரியம், ஒருநாள் கூலியும் போய்விடும். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை இலவசம் என்றாலும் பஸ்ஸும் இழந்த கூலியும்தான் ஏழையை இரண்டாவது தடவை வரவிடாமல் செய்கின்றன. அந்தச் செலவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு தூரம் வைத்தியம் நிற்காமல் நடக்கும்.

இனி உங்கள் விஷயம். உங்களுக்கு நெஞ்சை அடைக்கிறது என்பதால் முதலில் பொது மருத்துவம் ஓ.பி.க்குப் போங்கள். ஈ.சி.ஜி. எடுத்து, இதயத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்வது அவசியம். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால் ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், அதற்கும் காசு இல்லை. ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் அதே டாக்டரிடம் தூக்கம் இல்லாததையும் வேலை போனதையும் சேர்த்துச் சொல்லி, மனநலப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தப் பாதியை மறைத்தால் நாங்கள் அலைந்த மாதிரியே அலைவீர்கள்.

காப்பீடு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உங்களுக்கு உண்டு. குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். உங்கள் அப்பாவோ அம்மாவோ முன்பே பதிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டால் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: இது பெரும்பாலும் அட்மிட் ஆகிற சிகிச்சைக்கும் ஆபரேஷனுக்கும்தான். சும்மா டாக்டரைப் பார்ப்பதற்கும் மாதாந்திர மாத்திரைக்கும் இல்லை. அதற்குத்தான் ஜி.ஹெச். என் மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது இந்த அட்டை இல்லையென்றால் வீட்டை விற்றிருப்போம். அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள். விழுந்த பிறகு வி.ஏ.ஓ.வைத் தேடி ஓடுவது கொடுமை.

மனநல சிகிச்சைக்குச் சட்டமே இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சை இலவசம். அதே சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியில், "இருந்து என்ன ஆகப்போகிறது" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 14416க்குக் கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் யாரிடமாவது இன்றைக்கே சொல்லி, ராத்திரி பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள். பூச்சிமருந்தோ பழைய மாத்திரைகளோ இருந்தால் அவர்கள் கையில் கொடுத்து வெளியே எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குள் ஓ.பி. வரிசையில் நின்றுவிடுங்கள், பகல் பன்னிரண்டு வரை ஆகலாம். பழைய சீட்டு, ரிப்போர்ட் எது இருந்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஆதாரும் ரேஷன் கார்டும் கூடவே. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் இங்கேயே எனக்கு எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை, நான் வருகிறேன்.