ஷாப்பிங் கார்ட் விலைக் கணக்கை எங்க வைக்கணும்?

கேள்வி: அண்ணா, கம்பத்துல இருந்து ஆன்லைன்ல ஏலக்காய் விக்கிறோம். குமுளி தாண்டி கேரளாவுக்கு ஆர்டர் வந்தா பில்லு வேற மாதிரி வரணும்ங்கிறாங்க. ஒவ்வொரு பேஜ்லயும் விலைக் கணக்கை தனித்தனியா எழுதி வச்சிருக்கேன், எதை மாத்துறதுன்னே தெரியல.

பதில்: தம்பி, மொதல்ல அத்தனையும் தூக்கிட்டு ஒரே ஃபங்ஷனா, அதாவது எங்க வேணா கூப்பிட்டு ஓட்டக்கூடிய ஒரே கோடு துண்டா எழுதுங்க. பொருள், எண்ணிக்கை, தள்ளுபடி, டெலிவரி மாநிலம் உள்ள போகணும், பில் தொகை வெளிய வரணும், அவ்வளவுதான். தள்ளுபடியை கழிச்சிட்டுதான் வரி. ஏலக்காய்க்கு 5% ஜிஎஸ்டி, தமிழ்நாட்டுக்குள்ளன்னா சிஜிஎஸ்டி (மத்திய பங்கு) 2.5%, எஸ்ஜிஎஸ்டி (மாநில பங்கு) 2.5%ன்னு பிரியும், கேரளான்னா மொத்தமா ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விக்கிறதுக்கான வரி).

இதுல பைசா கவனம். 1,250 ரூபாய் பாக்கெட்டுக்கு 10% தள்ளுபடி போக 1,125, அதுக்கு ஐஜிஎஸ்டி 56.25, ஆனா ரெண்டா பிரிச்சா 28.125, அதை ரவுண்ட் பண்ணா 28.13 வீதம் 56.26 ஆயிடும், அதனால பில்லுல காட்டுற தொகைகளும் மொத்தமும் ஒத்துப்போக, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி ரெண்டையும் தனித்தனியா ரவுண்ட் பண்ணிட்டு அப்புறமா கூட்டுங்க, தொகையெல்லாம் பைசாவா முழு எண்ல வைங்க, ஏன்னா ஜாவாஸ்கிரிப்ட்ல (வெப் பேஜுக்கான கோடிங் மொழி) 0.1-ம் 0.2-ம் கூட்டினா சரியா 0.3 வராது.

முக்கியமா, பிரவுசர் அனுப்புற விலையை நம்பவே நம்பாதீங்க, யார் வேணா மாத்தி அனுப்பலாம். பணம் வாங்குறதுக்கு முன்னாடி சர்வர்ல (உங்க சைட்டை நடத்துற கம்ப்யூட்டர்ல) அதே ஃபங்ஷனை திரும்ப ஓட்டுங்க.